காட்மியத்துக்கு விதை, ஆர்சனிக்குக்குத் தண்ணீர்

நெல்லில் சேரும் நச்சு உலோகங்களைக் குறைக்கும் பரிந்துரைகள் பெரும்பாலும் ஒவ்வொரு நஞ்சையும் தனித்தனியே எடுத்துப் பேசுகின்றன. வயலில் அவை தனித்து இருப்பதில்லை. ஜப்பானின் தொயாமா மாகாணத்தில் கமியோக்காச் சுரங்கக் கழிவு ஜின்சு ஆற்றில் கலந்தது. அந்நீர் பாய்ந்த வயல்களின் அரிசியை உண்டவர்களின் சிறுநீரகமும் எலும்பும் சிதைந்தன. அந்த 'இத்தாய் இத்தாய்' நோய்க்குக் காட்மியமே காரணம் என்று அந்நாட்டு அரசு 1968இல் ஏற்றுக்கொண்டது. காட்மியம் படிந்த நிலங்களில் அங்கே பரிந்துரைக்கப்பட்ட எளிய வழி, கதிர் வெளிவருவதற்கு மூன்று வாரம் முன்னும் பின்னும் தண்ணீர் வற்றாமல் கட்டி வைப்பது. காற்றுப் புகாத சேற்றில் காட்மியம் கந்தகத்தோடு சேர்ந்து கரையாத சல்பைடாகிவிடும்; வேருக்கு அது எட்டாது. ஆனால் அதே சேற்றில் இரும்பு ஆக்சைடுகள் கரைகின்றன. அவற்றில் ஒட்டியிருந்த ஆர்சனிக் விடுபட்டு, நெல் சிலிக்கானை உறிஞ்சும் பாதைகள் வழியாகவே வேருக்குள் நுழைகிறது. வயலைக் காயவிட்டாலோ ஆர்சனிக் அடங்கும், காட்மியம் தலைதூக்கும். தீட்டிய அரிசியில் கிலோவுக்குக் காட்மியம் 0.4 மில்லிகிராம், கனிம ஆர்சனிக் 0.2 மில்லிகிராம் என்பது சர்வதேச உணவுத் தர வரம்பு. இரண்டும் மிகுந்த மண்ணில் தண்ணீரை மட்டும் வைத்து இரு வரம்புகளையும் காப்பது மிகக் கடினம்.

எனவே காட்மியத்தை விதையில் தடுத்து, தண்ணீரை ஆர்சனிக்குக்கு ஒதுக்க வேண்டும் என்பதே என் வாதம். நெல்வேர் காட்மியத்தைப் பெரும்பாலும் மாங்கனீசைக் கடத்தும் புரதம் ஒன்றின் வழியாகவே எடுக்கிறது. கோஷிஹிகாரி நெல்லில் கார்பன் அயனிக் கற்றையைச் செலுத்தி அந்தப் புரதத்தின் மரபணுவைச் செயலிழக்கச் செய்த வகைகளை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்டனர். காட்மியம் படிந்த மண்ணில் விளைந்தும் அவற்றின் அரிசியில் அது ஏறக்குறைய இல்லை. அப்படியான விதை இருந்தால் வயலைக் காய்ச்சலும் பாய்ச்சலுமாக நடத்தலாம்; ஆர்சனிக்கோடு மீத்தேனும் குறையும். ஆழங்குறைந்த குழாய்க் கிணறுகளே ஆர்சனிக்கை இறைத்துக் கொட்டும் வங்காளத்தின் வறண்ட பருவ நெல்லான போரோ சாகுபடியில், பாய்ச்சலைக் குறைப்பது புதிதாக வந்து சேரும் நஞ்சையும் குறைக்கிறது.

கதிர்வீச்சால் பிறந்த விதை உண்ணத் தகுமா என்ற அச்சத்துக்கு விடை எளிது: கற்றை பட்டது மூதாதை விதையில்தான், இன்றைய தானியத்தில் கதிரியக்கம் ஏதுமில்லை. மாங்கனீசு பற்றிய எதிர்ப்பு இதைவிட வலுவானது. காட்மியத்துக்கு அடைத்த வழி மாங்கனீசுக்கும் அடைபடுகிறது. மாங்கனீசு குறைந்த மண்ணில் பயிர் செம்புள்ளி நோய்க்கு எளிதில் இரையாகும். ஆகவே மண்பரிசோதனை இல்லாமல் இவ்விதையைக் கொடுக்கக் கூடாது. 2025 முதல் தன் முதன்மை இரகத்தையே இத்தன்மை கொண்ட 'அகிதாகொமாச்சி ஆர்' இரகத்துக்கு மாற்றிய ஜப்பானின் அகிதா மாகாணத்தை விமர்சிப்போரின் கேள்வியில் இந்த அளவுக்கு நியாயம் உண்டு: மாசில்லாத வயலுக்கு இது ஏன்? பழைய விதையும் அங்கே தாராளமாகக் கிடைக்க வேண்டும். விதை மாறினால் மண்ணைக் கெடுத்தவர் தப்பிவிடுவார் என்பாரும் உண்டு. ஜின்சு படுகையில் மேல்மண்ணை மாற்றும் பணி 30 ஆண்டுகளுக்கு மேல் நீண்டு 2012இல்தான் முடிந்தது. மண்ணைக் கெடுத்தவரிடமிருந்து அந்தப் பொறுப்பைக் கேட்டு வாங்கியே ஆக வேண்டும். அதுவரை விளையும் அரிசியை யாரோ உண்டுகொண்டுதான் இருப்பார்கள், விதை அவர்களுக்காக.