செஞ்சிச் சீமையில் சினையாடும் மேய்ச்சலும்

செஞ்சிக்கும் விழுப்புரத்துக்கும் இடையே உள்ள அனந்தபுரத்தைச் சுற்றிப் பாறைக் குன்றுகளும் மானாவாரிக் கொல்லைகளும் ஏரிப் பாசன வயல்களும் மாறி மாறி வருகின்றன. வடகிழக்குப் பருவமழை பெய்யும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் குன்றடிவாரங்களில் தழைக்கும் புல், மாசிக்குப் பின் காய்ந்து, சித்திரை வைகாசியில் ஆடு கடிக்க ஒன்றுமில்லாத தரையாகிவிடும் இந்த ஆண்டுச் சுழற்சியே அப்பகுதியின் செம்மறி வளர்ப்பை நெடுங்காலமாக வரையறுத்து வந்திருக்கிறது. செஞ்சிக் கோட்டையின் மீது 1690 முதல் 1698 வரை நீடித்த முகலாய முற்றுகையைப் பற்றி எழுதப்பட்டதில் சிறு பங்குகூட, அதே குன்றுகளின் அடியில் தலைமுறை தலைமுறையாக மேய்ந்த மந்தைகளைப் பற்றி எழுதப்படவில்லை. கோட்டையின் தொடக்கத்தையே மரபு ஓர் ஆட்டிடையரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும் நிலையில் இது பெருங்குறையாகும்.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாராயணன் என்பவர் தொகுத்த கர்நாடக ராஜாக்கள் சவிஸ்தார சரித்திரம், ஆயர் குலத்து ஆனந்தக் கோன் மந்தை மேய்க்கும்போது குன்றில் புதையல் கண்டு, அதைக் கொண்டு படை திரட்டி, 1200ஆம் ஆண்டையொட்டி அங்கு அரண் எழுப்பினார் என்று கூறுகிறது. சி. எஸ். சீனிவாசாச்சாரி 1943இல் வெளியிட்ட செஞ்சி வரலாற்று நூலும் இம்மரபை எடுத்தாள்கிறது. புதையல் கதையை வரலாறாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆனால் மலையரணை ஆளும் அளவுக்கு ஆயர் தலைவர்கள் அங்கு வலிமை பெற்றிருந்தனர் என்ற நினைவை மக்கள் காத்து வந்தது பொருளற்றதன்று.

அந்த வலிமை எதில் நின்றது என்பதைக் கோயில் கல்வெட்டுகள் ஓரளவு காட்டுகின்றன. பல்லவர், சோழர் காலங்களில் தொண்டை மண்டலத்திலும் நடுநாட்டிலும் ஒருவர் கோயிலுக்கு நந்தா விளக்கு, அதாவது இரவும் பகலும் அணையாத விளக்கு ஒன்றை ஏற்ற விரும்பினால், பெரும்பாலும் 90 அல்லது 96 ஆடுகளைக் கொடுத்தார். அவற்றைப் பொறுப்பேற்ற மன்றாடி எனப்பட்ட இடையர், நாள்தோறும் உழக்கு நெய், அதாவது கால் நாழி நெய், அளக்கக் கடமைப்பட்டார். தஞ்சைப் பெரிய கோயிலின் இராசராசன் காலக் கல்வெட்டுகளிலும் ஒரு விளக்குக்கு 96 ஆடு என்ற கணக்கே காணப்படுகிறது. இந்த ஆடுகள் சாவா மூவாப் பேராடு எனப்பட்டன. செத்ததற்கும் கிழடு தட்டியதற்கும் ஈடாகப் பிறந்த குட்டிகளைச் சேர்த்து, மந்தையின் எண்ணிக்கை என்றும் குறையாமல் காக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை.

ஆகவே இந்த அறக்கட்டளையின் உயிர்நாடி குட்டி ஈனுதலே ஆகும். கால் நாழி நெய்க்கு 96 ஆடுகள் என்பது மேலோட்டமாகப் பார்க்க மிகையாகத் தோன்றும். பாதி ஆடுகள் பால் வறண்டிருந்தாலும் ஏனையவற்றில் ஆட்டுக்கு ஒரு சிறு கிண்ணப் பால்கூடக் கறக்க வேண்டியிராது. எனினும் தாயின் மடியில் குட்டிக்குப் போக எஞ்சுவதை மட்டுமே விளக்குக்கு எடுக்க வேண்டும், குட்டி செத்தால் மந்தை குறையும், மந்தை குறைந்தால் விளக்கு அணையும் என்ற தொடர்பை நோக்கினால், அந்த எண் ஆட்டின் உடலியலை அறிந்தவர்கள் வகுத்ததாகவே படுகிறது. வாரிசு வாரிசாக இக்கடமை தொடர்ந்த குடும்பங்களில், எந்த ஆடு எப்போது சினையாகிறது, எந்த மேய்ச்சலில் பால் ஊறுகிறது என்ற அறிவும் கைமாறி வந்திருக்க வேண்டும்.

செம்மறியின் சினைக்காலம் ஏறத்தாழ 150 நாள். ஆனி, ஆடியில் கிடா சேர்ந்த ஆடு கார்த்திகை, மார்கழியில் ஈனும். கருவிலுள்ள குட்டியின் எடையில் ஏறக்குறைய 70 விழுக்காடு கடைசி ஆறு வாரங்களில்தான் சேர்கிறது என்பதால், அந்த ஆறு வாரங்கள் மழை இறங்கிப் புல் தலைகாட்டும் நாள்களோடு பொருந்துவது தாய்க்கும் குட்டிக்கும் பெரும் பேறு. மாறாக, தையில் சினையான ஆடு ஆனியில் ஈனும். அதன் இறுதிச் சினைக்காலம் சித்திரை வைகாசியின் வறட்சியில் கழிவதால் குட்டி நோஞ்சானாகப் பிறக்கும், தாய்க்குப் பால் இறங்காது. கோடையில் பசும்பயிர் கிடைக்கும் ஊர்களை நோக்கி மந்தையை ஓட்டிச் செல்வதும், அறுவடை முடிந்த வயலில் இரவில் கிடை அமர்த்தி, எருவுக்கு ஈடாகத் தானியமும் தாளடி மேய்ச்சலும் பெறுவதும் இந்த இடைவெளியை நிரப்பிய ஏற்பாடுகள்.

இவ்வேற்பாட்டின் அடித்தளம் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆட்டம் கண்டது. 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் குன்றுக் காடுகளைக் காப்புக் காடுகளாக்கி, மேய்ச்சலை அனுமதிச் சீட்டுக்கும் கட்டணத்துக்கும் உட்படுத்தியது. அதே காலத்தில் புதுச்சேரித் துறைமுகம் வழியாக மார்செய் நகரின் எண்ணெய் ஆலைகளுக்குப் போன நிலக்கடலை, செஞ்சிப் பகுதி அப்போது அடங்கியிருந்த தென்னார்க்காடு மாவட்டத்தின் மானாவாரிக் கொல்லைகளில் வேகமாகப் பரவியது. தரிசு சுருங்கியது இடையருக்கு இழப்பே. ஆனால் புரதம் மிகுந்த கடலைக்கொடியும் எண்ணெய் பிழிந்தபின் எஞ்சும் புண்ணாக்கும் கிடைத்தது ஆட்டுக்கு வரவு. இந்த வரவு முழுமையாக ஆட்டின் வாய்க்குப் போய்ச் சேரவில்லை. கொடி உழவு மாட்டுக்கும், புண்ணாக்கு விலைக்கும் போயின.

விடுதலைக்குப் பின் அரசின் செம்மறிக் கொள்கை நீண்ட நாள் கம்பளியையே குறியாகக் கொண்டிருந்தது. 1962இல் இராசத்தானில் மத்திய செம்மறி மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிலையம் அமைந்தது; நீலகிரியின் சாண்டிநல்லாவில் வெளிநாட்டுக் கிடாக்களைக் கொண்டு கலப்பினம் உருவாக்கப்பட்டது. செஞ்சிப் பகுதியில் வளர்வதோ கம்பளியே இல்லாத, இறைச்சிக்குரிய சென்னைச் சிவப்பு இனம். வளர்ந்த பெட்டை ஏறத்தாழ 25 கிலோ எடையுள்ளது, பெரும்பாலும் ஓர் ஈற்றுக்கு ஒரு குட்டியே போடுவது. ஒற்றைக் குட்டியும் செத்தால் அந்த ஈற்றே வீண் என்பதால், இவ்வினத்துக்குக் கலப்பினக் கிடாவைவிடச் சினையாட்டின் தீவனமே முதன்மையான தேவையாக இருந்தது. செங்கல்பட்டு வட்டாரத்தில் 1957இல் தொடங்கிய காட்டுப்பாக்கம் கால்நடை ஆராய்ச்சி நிலையம் பின்னர் இவ்வினத்தை உழவர் மந்தைகளிலேயே மேம்படுத்தும் பணியை மேற்கொண்டதும், 1989இல் அமைந்த தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் விழுப்புரம் உள்ளிட்ட மாவட்டங்களில் பயிற்சி மையங்களை நடத்தியதும் காலம் கடந்து வந்த, ஆயினும் சரியான திருப்பங்கள்.

இத்தகைய பயிற்சிகளின் சாரம் எளிது. கிடா சேர்க்குமுன் இரண்டு மூன்று வாரங்கள், பெட்டைக்கு நாளொன்றுக்கு 200 முதல் 250 கிராம் அடர்தீவனம், அதாவது கம்பு அல்லது மக்காச்சோளம், தவிடு, கடலைப் புண்ணாக்கு, தாது உப்பு சேர்ந்த கலவை, கொடுத்தால் சினை பிடிப்பது கூடும். சினையின் கடைசி ஆறு வாரங்களில் மீண்டும் அதைக் கொடுக்க வேண்டும். அப்போது வயிற்றில் குட்டி இடத்தை அடைத்துக்கொள்வதால் ஆடு வைக்கோலைத் தின்று வயிறு நிரப்ப முடியாது. தீவனம் போதாவிடில் தன் உடற்கொழுப்பைக் கரைத்து, அதன் கழிவுப் பொருள்கள் இரத்தத்தில் தேங்கி, தள்ளாடி விழுந்து சாகவும் கூடும். குட்டி பிறந்ததும் தொப்புள் கொடியில் டிங்சர் அயோடின் தடவி, ஒரு மணி நேரத்துக்குள் சீம்பாலை ஊட்ட வேண்டும்; நோயெதிர்ப்புப் பொருள் கருவில் தாயிடமிருந்து வராததால், முதல் பாலே குட்டியின் முதல் காப்பு. சினையாட்டுக்கு ஈனுமுன் போடும் துள்ளுமாரி நோய்த் தடுப்பூசியின் பயனும் அப்பால் வழியாகவே குட்டியை அடைகிறது.

2011இல் தமிழக அரசு ஏழைப் பெண்களுக்கு நான்கு ஆடுகள் வீதம் இலவசமாக வழங்கத் தொடங்கியபோது, மந்தை மரபு இல்லாத குடும்பங்களும் பெருமளவில் ஆடு வளர்ப்புக்குள் வந்தன. பரம்பரை இடையர் மந்தையோடு நடந்து தேடிய தீவனத்தை, நான்கு ஆடுகளோடு வீட்டருகே நிற்கும் பெண் நடந்து தேட இயலாது. காப்புக் காடும் கடலைக் கொல்லையும் வீட்டுமனையும் போக எஞ்சிய மேய்ச்சல் புறம்போக்கு அவருக்குப் போதுவதுமில்லை. பயிற்சி சொல்லும் 250 கிராம் அவருக்குக் கடைச் செலவாகவே வருகிறது. அகத்தி, சவுண்டல், வேலிமசால் ஆகிய தீவனப் பயிர்களை வரப்பில் நட்டுச் செலவைக் குறைக்கலாம் என்ற அறிவுரை வரப்பு உடையவருக்கே பயன்படும். ஆகவே ஏரிக்கரையிலும் பொது நிலத்திலும் தீவன மரம் வளர்த்து வெட்டிக்கொள்ளும் உரிமையும், அறுவடையில் கடலைக்கொடியைச் சேர்த்து வைத்துச் சித்திரையில் பகிர்ந்தளிக்கும் ஊர் ஏற்பாடும் பயிற்சியின் பகுதியாகவே திட்டமிடப்பட வேண்டும்; அவை இல்லாத இடத்தில், வகுப்பில் கற்றதைக் கோடையில் ஈனப்போகும் ஆட்டுக்குச் செய்து பார்க்க அப்பெண்ணுக்கு வழியில்லை.