ஏ. ஜி. ஹாக்கின் வினைக் கோட்பாட்டு ஆய்வும் திருக்கழுக்குன்றப் பதிகமும்

முன்னுரை

சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் மெய்யியல் கற்பித்த ஆல்ஃபிரட் ஜார்ஜ் ஹாக் (1875–1954), ச. இராதாகிருஷ்ணனின் ஆசிரியர் என்ற அளவிலேயே பெரிதும் நினைக்கப்படுகிறார். வினைக் கோட்பாடு குறித்து அவர் எழுப்பிய வினா தனித்த ஆய்வுக்குரியது. அவ்வினாவைச் சைவ சித்தாந்த நோக்கில் மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கல்விப் பணி

எடின்பரோவில் பயின்ற ஹாக், ஸ்காட்லாந்து ஐக்கிய சுதந்திரத் திருச்சபையின் பணியாளராக 1903இல் சென்னைக்கு வந்தார். கல்லூரி இதழில் 1904, 1905ஆம் ஆண்டுகளில் அவர் எழுதிய கட்டுரைகள் 1909இல் 'கருமமும் மீட்பும்' என்னும் பொருள்படும் தலைப்பில் நூலாயின. 1928 முதல் 1938 வரை அவர் கல்லூரி முதல்வராகப் பொறுப்பு வகித்தார். அக்காலத்திலேயே, 1937இல், கல்லூரி சென்னை நகரிலிருந்து செங்கல்பட்டு மாவட்டத்துத் தாம்பரத்திற்கு இடம்பெயர்ந்தது.

ஹாக் எழுப்பிய வினா

வினைக் கோட்பாட்டை மூடநம்பிக்கை என ஹாக் ஒதுக்கவில்லை. அறத்தை உலக ஒழுங்காகக் காணும் தருக்கமுறைக் கொள்கையாகவே மதித்தார். எனினும் அது உலகை ஒரு நீதிமன்றமாக ஆக்கிவிடுகிறது என்பது அவர் கருத்து. அவரவர் வினைக்கு அவரவரே பயன் துய்க்க வேண்டுமெனில், ஒருவர் துன்பத்தை மற்றொருவர் ஏற்கும் மீட்புக்கு இடமில்லை என அவர் வாதிட்டார்.

வேதாந்தத்தில் அறவியலுக்கு இடமில்லை என்னும் கிறித்தவத் திறனாய்வுக்கு மறுமொழியாக, இராதாகிருஷ்ணன் 1908இல் தம் முதுகலை ஆய்வேட்டை வேதாந்த அறவியல் குறித்து எழுதினார். தம் சமயத்தவரின் நிலைப்பாட்டுக்கு எதிரான அவ்வேட்டை ஹாக் பாராட்டியமை அவரது ஆசிரிய நேர்மைக்குச் சான்றாகும்.

1938 டிசம்பரில் தாம்பரத்தில் உலக அருட்பணி மாநாடு கூடியது. கிறித்தவ வெளிப்பாட்டிற்கும் பிற சமயங்களுக்கும் தொடர்ச்சியில்லை என்ற ஹென்ட்ரிக் கிரேமரின் கருத்தை ஹாக் மறுத்தார். பிற சமயத்தவரிடமும் இறைவன் மறுமொழி அளிக்கும் மெய்யான பற்றுறுதி உண்டு என்பதும், அப்பற்றுறுதி வேறு, அதை விளக்கும் கொள்கைகள் வேறு என்பதும் அவர் நிலைப்பாடு.

சித்தாந்த நோக்கு

ஹாக்கின் வாதம், வினை தானே இயங்கும் சட்டம் என்னும் கருத்தை அடிப்படையாகக் கொண்டது. சைவ சித்தாந்தத்திலோ வினை சடம், அது தானே தன் பயனை ஊட்டவல்லதன்று, இறைவனே ஊட்டுவிக்கிறான். அவ்வாறு ஊட்டுவது தண்டனைக்காக மட்டுமன்று, மலம் நீங்குவதற்காகவும் ஆகும். நோயாளியின் உடலை அறுத்துக் குணப்படுத்தும் மருத்துவனைச் சிவஞான சித்தியார் இதற்கு உவமையாக்குகிறது. நீதிமன்றம் இங்கு மருத்துவமனையாகிறது எனலாம்.

இக்கருத்தின் அனுபவ வடிவைத் திருவாசகத்தின் 30ஆவது பகுதியான திருக்கழுக்குன்றப் பதிகத்தில் காணலாம். தாம்பரம் அமைந்த அதே செங்கல்பட்டு மாவட்டத்துத் தலம் பற்றியது இப்பதிகம். வினைகள் ஒத்துப் புதுவினை முளைக்காத நிலையில் இறைவன் தானே எழுந்தருளித் திருக்கோலம் காட்டியதை மாணிக்கவாசகர் முதற்பாடலில் பாடுகிறார். இருவினையொப்பு அருள் பதிவதற்கான பக்குவமேயன்றி, கடனை முற்றும் அடைத்ததற்கான இரசீதன்று என்பதே சித்தாந்த விளக்கம்.

ஜே. எம். நல்லசுவாமிப் பிள்ளையின் சிவஞானபோத ஆங்கில மொழிபெயர்ப்பு 1895இலும், ஜி. யு. போப்பின் திருவாசக மொழிபெயர்ப்பு 1900இலும் வெளிவந்துவிட்டன. எனவே ஹாக் சென்னைக்கு வருமுன்பே இவ்விரு நூல்களும் ஆங்கிலம் வழி கற்போருக்குக் கிடைத்தன. இருப்பினும் விவாதம் வேதாந்தத்தையே மையமாகக் கொண்டு நிகழ்ந்தது.

முடிவுரை

ஹாக்கின் வினா முழுவதும் வலுவிழந்ததாகக் கொள்ள இயலாது. ஒருவர் வினையைப் பிறர் ஏற்றல் என்னும் கருத்தில் இரு சமயங்களும் வேறுபட்டே நிற்கின்றன. ஆனால் வினையும் அருளும் முரணானவை என்னும் அவரது முற்கோள் சைவ சித்தாந்தத்திற்குப் பொருந்தவில்லை. பற்றுறுதியைக் கொள்கையிலிருந்து பிரித்தறிந்த அவரது பிற்காலச் சிந்தனையே, கழுக்குன்றில் மாணிக்கவாசகர் பெற்ற அனுபவத்தை அணுகுவதற்கு ஏற்ற கருவியாக அமைகிறது.