மயிலுக்குப் போர்வை, செலவு யாருக்கு?

போன மாசம் பழனி பக்கம் மாமா ஊருக்குப் போயிருந்தேன். காலங்காத்தால கடலைக்காட்டுல பத்துப் பன்னெண்டு மயில். நான் கேமராவும் கையுமா ஓட, மாமா தகர டப்பாவைத் தட்டிக்கிட்டே பின்னாடி வந்தார். "படம் அப்புறம் புடிக்கலாம் மாப்ள, வெதச்சதையெல்லாம் கெளறித் திங்குது, மொதல்ல வெரட்டு!"

திரும்பி வரும்போது பஸ்ல தூக்கம் வரலை. மயிலோட வரலாறுதான் மண்டைக்குள்ள ஓடிச்சு.

முதல்ல அசோகர், கி.மு. 3ஆம் நூற்றாண்டு. மௌரியர் என்ற பெயரையே மயிலோடு சேர்த்துச் சொல்கின்றன பௌத்த நூல்கள். நம்ம சங்கப் பாடல்களில் அவங்க 'மோரியர்'. அந்த வம்சத்து ராஜா கிர்நார் முதலிய இடங்களில் பாறையில் வெட்டி வைத்த முதல் சாசனத்தில் என்ன சொல்றார் தெரியுமா? முன்பு அரண்மனைச் சமையலுக்குத் தினமும் லட்சக்கணக்கான உயிர்கள் கொல்லப்பட்டன. இப்போது 3தான்: 2 மயில், 1 மான். மான்கூட எல்லா நாளும் இல்லையாம். இனி அந்த மூன்றும் கொல்லப்படாது. அதாவது கடைசி வரைக்கும் விட முடியாம இருந்தது மயில் கறி! :-)

அடுத்து நம்ம பேகன், கடையெழு வள்ளல்களில் ஒருவர். அவர் ஆண்ட பொதினிதான் இன்றைய பழனி. மயில் குளிரில் நடுங்குதுன்னு நினைச்சுப் போர்வையைக் கொடுத்தவர். "அதுக்குத்தான் இறகு இருக்கே, எதுக்குப் போர்வை?"ன்னு பள்ளிக்கூடத்துல சிரிச்சிருக்கோம்.

1963-ல் மயில் தேசியப் பறவை ஆச்சு. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கு. கொன்றால் 3 முதல் 7 வருஷம் வரை ஜெயில். சட்டம் வேணும், அதுல எனக்குச் சந்தேகமே இல்லை. விஷம் வெச்சு மயில் செத்துச்சுன்னு படிக்கும்போதெல்லாம் மனசு ஆறலை.

ஆனா ஒண்ணு. அசோகர் விட்டது தன் தட்டில் இருந்ததை. பேகன் கொடுத்தது தன் தோளில் கிடந்ததை. நாம மயிலைக் காப்பாத்துறது மாமா காட்டுக் கடலையை வெச்சு. அந்தக் கடலைக்குக் காலத்தோட நஷ்டஈடு கொடுத்தாத்தான் நாமளும் ஏதோ கொடுத்ததா அர்த்தம்.

கிளம்பும்போது மாமா ஒரு மயிலிறகை என் பையில் சொருகினார். "பொஸ்தகத்துல வெய்யி மாப்ள. நான் போட்ட கடலைக்கு, அதாச்சும் குட்டி போடட்டும்."

உங்க ஊர்ல நிலைமை எப்படி மக்களே? பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க.