கேஷ் என்னும் சொல்லும் தமிழ்க் காசும்

ஆங்கிலத்தில் ரொக்கப் பணத்தைக் குறிக்கும் கேஷ் என்னும் சொல், தமிழ்க் காசு என்பதன் திரிபே எனக் கூறுவார் பலர். ஒலியும் பொருளும் ஒருங்கே ஒத்திருத்தலின் இக்கூற்று எளிதில் உடன்பாடு பெறுகின்றது. ஆயினும், ஒப்புமை ஒன்றே சொற்பிறப்பிற்குச் சான்றாகாது. சொல்லின் பழம்பொருள் யாது, அஃது எவ்வழியாக வந்தது என்னும் இரண்டும் ஆராயப்படல் வேண்டும்.

ரொக்கத்தைக் குறிக்கும் கேஷ், 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்தில் வழங்கத் தொடங்கிற்று. அக்காலத்தில் அது கையிருப்புப் பணத்தையும், பணம் வைக்கும் பெட்டியையும் ஒருங்கே குறித்தது. 18ஆம் நூற்றாண்டளவில் பெட்டி என்னும் பொருள் மறைய, அதனுள் இருக்கும் பணமே பொருளாக எஞ்சிற்று. நம் இலக்கணத்தார் இதனை ஆகுபெயர் என்பர். இப்பழம்பொருளே மூலத்தைக் காட்டுகின்றது. பிரெஞ்சு மொழியின் கேஸ், இத்தாலிய மொழியின் காஸா ஆகிய இரண்டும் பெட்டியைக் குறிப்பன; இரண்டும் காப்ஸா என்னும் இலத்தீன் சொல்லின் வழிவந்தன. பணப்பொறுப்பாளரைச் சுட்டும் கேஷியர் என்பதும் இக்குடும்பத்ததே. தமிழ்க் காசிற்கோ பெட்டி என்னும் பொருள் இல்லை.

அங்ஙனமாயின் தமிழ்க் காசு ஆங்கிலம் புகவில்லையோ எனின், புகுந்தது. ஆனால் அது வேறொரு சொல். கீழை நாடுகளின் சிறு நாணயத்தைக் குறித்த கேஷ் அதுவே. யூல், பர்னல் இருவரும் தொகுத்து, 1886இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி, இந்நாணயப் பெயர் தமிழ்க் காசிலிருந்து போர்த்துகீசியரின் காய்ஷா என்னும் வடிவத்தின் வாயிலாக வந்ததெனக் காட்டுகின்றது. கொங்கணி வடிவம் ஒன்றும் இடைநின்றிருக்கலாம் என ஐயுறவும் செய்கின்றது. போர்த்துகீசிய மொழியில் காய்ஷா என்பதற்குப் பெட்டி என்பதே இயல்பான பொருள். அதுவும் காப்ஸாவின் வழியதே. தாம் கேட்ட அயற்சொல்லைத் தமக்குப் பழகிய சொல்லின் உருவில் அவர் வழங்கினர் என்க. ஆங்கிலத்திலும் முன்னிருந்த கேஷ் என்பதன் வடிவை நாணயப் பெயர் ஏற்றது. இங்ஙனம் பிறப்பால் வேறாகிய இரு சொற்கள் உருவால் ஒன்றாயின.

நாணயப் பெயராகிய கேஷ் சென்னையில் கும்பினியாரின் கணக்குகளில் நிலைபெற்றது. 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு நட்சத்திர வராகன் என்பது அக்கால வாய்பாடு. 1818இல் ரூபாய் நிலைநாணயமாக்கப்படும் வரை இம்முறை நிலவிற்று. சீனாவின் சதுரத் துளையுடைய செப்பு நாணயங்களையும் ஆங்கிலேயர் கேஷ் என்றே அழைத்தனர். சீனர் வழங்கிய பெயரோ வேறு.

காசு என்பதன் தொன்மைக்கு இவ்வயல்வழக்கின் துணை வேண்டுவதில்லை. முதலாம் இராசராசன் காலத்துத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில், காசு ஒன்றிற்கு ஆண்டிற்கு அரைக்கால் காசு வட்டியாகக் கோயில் முதல் கடனாக அளிக்கப்பட்ட செய்தி காணப்படுகின்றது. வெண்பாவின் ஈற்றுச்சீர் வாய்பாடுகளுள்ளும் நாள், மலர் என்பவற்றோடு காசு இடம்பெறுகின்றது. வடமொழிக் கர்ஷம் என்னும் நிறைப்பெயரோடு இதற்குள்ள தொடர்பு தனியே ஆராய்தற்குரியது.

ரொக்கத்தைக் குறிக்கும் சொல்லைத் தமிழதென வலிந்து கொள்வதால் இருவகை இழப்பு நேர்கின்றது. சான்றில்லாத ஓர் உரிமை, சான்றுள்ள பிறவற்றையும் ஐயத்திற்கு உள்ளாக்கும். மெய்யாகவே சீனக் கடற்கரை வரை வழங்கிய தமிழ்ச்சொல்லின் வரலாறும் கவனிப்பாரின்றி மறையும். ஆதலின் ரொக்கத்தைக் குறிக்கும் கேஷ் இலத்தீன் வழியது, நாணயத்தைக் குறித்த கேஷ் தமிழ் வழியது எனப் பகுத்துக் கொள்வதே முறையாகும்.