மருத்துவமனைகளின் வெள்ள ஆயத்தம்: பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்கள்

மருத்துவமனைகளின் வெள்ள ஆயத்தம் என்பது, வெள்ளக் காலத்தில் உள்நோயாளிகளின் உயிரைக் காக்கவும் சிகிச்சை தடைபடாமல் தொடரவும் மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர், மின்பணியாளர், தூய்மைப் பணியாளர், ஓட்டுநர் ஆகியோர் முன்கூட்டியே செய்து வைக்கும் ஏற்பாடுகளின் தொகுப்பு. வீட்டிலோ அலுவலகத்திலோ தண்ணீர் புகுந்தால் மக்கள் வெளியேறிவிடலாம். செயற்கைச் சுவாசத்தில் இருப்பவரும் பிரசவ வலியில் இருப்பவரும் அப்படி வெளியேற முடியாது. ஊரில் அடிபட்டவர்களும் அதே நேரத்தில் மருத்துவமனையைத்தான் தேடி வருவார்கள். இந்த இரட்டைச் சுமையே மருத்துவமனைக்குத் தனித் திட்டம் தேவைப்படுவதன் காரணம்.

வட்டாரத்தின் நீர்ச்சூழல்

இவ்வட்டாரத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு பாடாலூர். இது பெரம்பலூர் மாவட்டம் ஆலத்தூர் வட்டத்தில் திருச்சி–சென்னை தேசிய நெடுஞ்சாலையில் அமைந்த ஊர். சுற்றிலும் பருத்தி, மக்காச்சோளம், சின்ன வெங்காயம் விளையும் மானாவாரி நிலம். வறட்சிக்குப் பழகிய இந்த மண்ணில் வெள்ளம் அரிது. ஆனால் வந்தால் திடீரென வரும். பச்சைமலைப் பக்கமிருந்து ஓடி வரும் மருதையாறு ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடக்கும். வடகிழக்குப் பருவமழை வலுத்தால் அதே ஆறு கரைபுரளும். 1956 நவம்பர் 23 அன்று அரியலூருக்கு அருகே மருதையாற்று ரயில் பாலம் வெள்ளத்தில் சிதைந்து, சென்னையிலிருந்து தூத்துக்குடி சென்ற விரைவு ரயில் கவிழ்ந்தது. சுமார் 150 பேர் இறந்தனர். அன்றைய ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார்.

அரியலூர் மாவட்டத்தின் தென்னெல்லையில் ஓடும், காவிரியின் கிளையான கொள்ளிடத்தின் இயல்பு வேறு. கர்நாடகத்தில் பெய்யும் மழையால் மேட்டூர் அணை நிரம்பி உபரிநீர் திறக்கப்பட்டால், உள்ளூரில் ஒரு தூறல்கூட இல்லாத நாளிலும் திருமானூர், தா.பழூர் பக்கத்துக் கரையோர ஊர்களை வெள்ளம் நெருங்கும். 2018 ஆகஸ்ட் 22 அன்று கொள்ளிடம் பிரியும் முக்கொம்பு மேலணையின் 9 மதகுகள் அடித்துச் செல்லப்பட்டது இத்தகைய பெருக்கின்போதுதான். எனவே இம்மாவட்டங்களின் மருத்துவமனைகளுக்கு ஆயத்தக் காலம் இரண்டு: காவிரி பெருகும் ஜூலை–ஆகஸ்ட், பருவமழை பெய்யும் அக்டோபர்–டிசம்பர்.

முந்தைய நிகழ்வுகள்

2015 டிசம்பர் தொடக்கத்தில் சென்னை வெள்ளத்தின்போது, மணப்பாக்கத்தில் அடையாற்றை ஒட்டிய தனியார் மருத்துவமனை ஒன்றில் தண்ணீர் புகுந்து ஜெனரேட்டர்கள் நின்றன. அங்கிருந்த 18 நோயாளிகள் இறந்ததாகச் செய்திகள் வெளியாயின. இறப்புகளின் காரணம் குறித்துக் கருத்து வேறுபாடு எழுந்தது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியபோது, தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குள்ளும் வெள்ளம் புகுந்தது.

அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் 2005 ஆகஸ்டில் கத்ரீனா புயல் வீசியபோது, மெமோரியல் மருத்துவமனையின் மின்சாரம் முற்றிலும் நின்றது. அவசர மின்சாரத்துக்கு மாற்றும் சுவிட்சுகள் தரையிலிருந்து சில அடி உயரத்திலேயே இருந்தன. பின்னர் அங்கு 45 உடல்கள் மீட்கப்பட்டன. ஜெனரேட்டரை உயர்த்தினால் மட்டும் போதாது. மின்பலகை, கேபிள், எரிபொருள் பம்பு அனைத்தும் நீர்மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும் என்பதே இதன் பாடம்.

சட்டமும் வழிகாட்டுதலும்

பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005 மாவட்ட ஆட்சியர் தலைமையில் மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தை ஏற்படுத்தியது. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2016இல் மருத்துவமனைப் பாதுகாப்புக்கெனத் தனி வழிகாட்டுதலை வெளியிட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் மருத்துவமனைப் பாதுகாப்புக் குறியீடு, கட்டடத்தின் உறுதி, கருவிகளும் குழாய்களும் மின்னிணைப்புகளும், பணியாளர் செயல்திறன் ஆகியவற்றைத் தனித்தனியே மதிப்பிடுகிறது.

ஆயத்தப் பணிகள்

மின்சாரமும் ஆக்சிஜனும்: மருத்துவமனையில் ஒருவர் தலைமை ஏற்று, எந்த நீர்மட்டத்தில் எந்த வார்டை மேல்தளத்துக்கு மாற்றுவது என்பதை முன்பே முடிவு செய்து எழுதி வைக்க வேண்டும். வழக்கமான பெரிய சிலிண்டர் ஒன்றில் சுமார் 7,000 லிட்டர் ஆக்சிஜன் இருக்கும். நிமிடத்துக்கு 10 லிட்டர் தேவைப்படும் ஒரு நோயாளிக்கு அது 12 மணி நேரம்கூட வராது. சாலை துண்டிக்கப்பட்டால் எத்தனை சிலிண்டர் வேண்டும் என்பதை இந்தக் கணக்கிலிருந்தே தொடங்க வேண்டும். லிஃப்ட் நின்றால் படிக்கட்டில் நோயாளியைத் தூக்கிச் செல்வதையும், அம்பு பையை மாறி மாறி அழுத்திச் சுவாசம் தருவதையும் ஒத்திகையில் பழகியிருக்க வேண்டும்.

மருந்துகள்: மருந்துக் கிடங்கும் நோயாளி ஆவணங்களும் தரைத்தளத்தின் கீழ் அடுக்குகளில் இருக்கக்கூடாது. தடுப்பூசிகளை 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் காக்க மாற்று மின்வசதி தேவை. வெள்ளத்தில் பாம்புகள் வீடுகளுக்குள் ஒதுங்குவதால் எதிர்நஞ்சு மருந்தைக் கூடுதலாக இருப்பில் வைக்க வேண்டும். தூள் வடிவில் உள்ள எதிர்நஞ்சுக்குக் குளிர்பதனம் கட்டாயமில்லை. மின்தடைக் காலத்தில் இது பெரும் வசதி.

கர்ப்பிணிகளும் டயாலிசிஸ் நோயாளிகளும்: பேறுகாலம் நெருங்கியவர்களின் பட்டியல் கிராம சுகாதார செவிலியரிடம் இருக்கும். எந்தத் தரைப்பாலம் முதலில் மூழ்கும், எந்த ஏரியின் கலிங்கு வழிந்தால் எந்தத் தெரு தனித்துவிடும் என்பதும் அவருக்குத் தெரியும். மழை எச்சரிக்கை வந்ததுமே அந்தப் பெண்களை மருத்துவமனைக்கு அழைத்து வந்துவிடுவது, நள்ளிரவில் ஆம்புலன்ஸ் ஓடைக்கரையில் நிற்கும் நிலையைத் தவிர்க்கும். டயாலிசிஸ் ஒருமுறை செய்ய சுமார் 120 லிட்டர் தூய நீர் வேண்டும் என்பதால், வெள்ளத்துக்கு முன்பே அந்த நோயாளிகளின் முறையை முடித்துவிடுவது நல்லது.

வகைப்படுத்தல்: கூட்டமாக வரும் நோயாளிகளைச் சிவப்பு, மஞ்சள், பச்சை, கறுப்பு என நிற அட்டை கட்டிப் பிரிக்கும் முறை, யாருக்கு முதலில் சிகிச்சை என்பதைக் குழப்பமின்றி முடிவு செய்ய உதவுகிறது. தமிழ்நாட்டில் 2008இல் தொடங்கிய 108 ஆம்புலன்ஸ் சேவையோடும், 1077 என்ற மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண்ணோடும் தொடர்பு கொள்ளும் பொறுப்பை ஒருவரிடமே விட வேண்டும்.

பணியாளர் நலன்: வெள்ள நாளில் அடுத்த ஷிப்டுக்கு வர வேண்டிய செவிலியரின் வீட்டிலும் தண்ணீர் நிற்கலாம். அவர் வராவிட்டால் இரவு முழுவதும் விழித்திருந்தவரே பகலிலும் நிற்க நேரிடும். எனவே அருகில் குடியிருப்போரைக் கொண்ட மாற்றுக் குழு, தங்குமிடம், உணவு, அவர்களது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் ஆகியவையும் திட்டத்தில் இடம்பெற வேண்டும்.

வெள்ளம் வடிந்த பின்

வயிற்றுப்போக்கு, எலிக்காய்ச்சல், டெங்கு ஆகியவை அடுத்து வரும். தொட்டிகளைக் கழுவி, குளோரின் கலந்து, எஞ்சிய குளோரின் அளவைச் சோதித்த பிறகே தண்ணீரைப் பயன்படுத்த வேண்டும். சேற்று நீரில் இறங்கி வேலை செய்த தூய்மைப் பணியாளருக்கு எலிக்காய்ச்சல் தடுப்பாக டாக்சிசைக்ளின் தருவது மருத்துவரின் பொறுப்பு. நனைந்த மின்கருவிகளைச் சோதிக்காமல் இயக்கக்கூடாது.

சிறிய மருத்துவமனைகள்

பெரம்பலூர் மாவட்டத் தலைமை மருத்துவமனை, அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, திருச்சி மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை ஆகியவற்றுக்கு நோயாளியை அனுப்பும் வழி, கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வெள்ள நாளில் மூடப்படலாம். ஓரிரு நாள் தனித்து நிற்கக்கூடிய மருந்து, விளக்கு, குடிநீர், ஆட்கள் அவற்றுக்குத் தேவை. பழைய வெள்ளம் எட்டிய உயரத்தை ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுச் சுவரில் கோடிட்டு, அதற்குக் கீழே உள்ள பொருட்களை மேலே ஏற்றி வைக்க ஒரு வெயில் பகல் போதும். அந்தப் பகலை ஒதுக்குவதுதான் ஆயத்தத்தின் முதல் வேலை.