ஆண்ட்ரோமெடா விண்மீன் திரள்

பால்வெளித் திரளுக்கு மிக அருகில் உள்ள பெரிய சுருள் விண்மீன் திரள் ஆண்ட்ரோமெடா ஆகும். மெசியேயின் விண்பொருள் பட்டியலில் 31ஆவதாக இடம்பெற்றதால் எம்31 எனவும் வழங்கும் இது, புவியிலிருந்து ஏறத்தாழ 25 இலட்சம் ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. ஒளி ஓராண்டில் கடக்கும் சுமார் 9.46 இலட்சம் கோடி கிலோமீட்டரே ஓர் ஒளியாண்டு. நிலவில்லாத இரவில் வெறுங்கண்ணுக்கே மங்கலான திட்டாகத் தென்படும் இதனைப் பாரசீக வானியலாளர் அல்-சூஃபி 10ஆம் நூற்றாண்டிலேயே பதிவு செய்துள்ளார்.

இது பால்வெளிக்குள் மிதக்கும் வாயுமேகமா, தனித்ததொரு திரளா என்ற நெடுநாள் ஐயத்தை ஒரேயொரு விண்மீன் தீர்த்துவைத்தது. 1923 அக்டோபரில் மவுண்ட் வில்சன் ஆய்வகத்தின் 100 அங்குலத் தொலைநோக்கியால் எடுத்த கண்ணாடித் தகட்டில், எட்வின் ஹபிள் ஒரு புள்ளியைத் திடீரென ஒளிரும் ‘நோவா’ என்றெண்ணி முதலில் ‘என்’ என்று குறித்தார். பழைய தகடுகளோடு ஒப்பிட்டபோது அது ஒளி கூடிக் குறையும் விண்மீன் எனத் தெரியவந்ததால், அந்த எழுத்தை அடித்துவிட்டு, ‘மாறொளிர் விண்மீன்’ என்பதன் ஆங்கிலச் சுருக்கத்தை வியப்புக்குறியுடன் எழுதினார். செபீடு எனப்படும் இவ்வகை விண்மீன்களின் ஒளி மாறும் காலம் நீள நீள அவற்றின் உண்மையான ஒளிர்வும் மிகும் என்பதை ஹென்ரியெட்டா லீவிட் 1912இல் நிறுவியிருந்தார். அவருடைய கண்டுபிடிப்பு இல்லையேல் ஹபிளின் தகட்டுக்குப் பொருளே இருந்திராது. 31 நாள் சுழற்சி கொண்ட அப்புள்ளியின் உண்மை ஒளிர்வையும் காணும் ஒளிர்வையும் ஒப்பிட்டு, ஹபிள் அதன் தொலைவை ஏறத்தாழ 9 இலட்சம் ஒளியாண்டு எனக் கணித்தார். அது பால்வெளிக்கு வெகு வெளியே என்பதால், ஆண்ட்ரோமெடா தனித்ததொரு திரளே என்பது உறுதியாயிற்று. செபீடுகளில் இரு வகை உண்டு என்பதை வால்டர் பாடே பின்னர் காட்டியதும் அத்தொலைவு இரட்டிப்பானது.

ஒளியை நிறங்களாகப் பிரித்துப் பெறும் நிறமாலை, திரளின் இயக்கத்தைக் காட்டுகிறது. நெருங்கிவரும் பொருளின் நிறமாலைக் கோடுகள் நீலப் பக்கம் நகரும். அந்நகர்வை 1912இல் அளந்த வெஸ்டோ ஸ்லைஃபர், ஆண்ட்ரோமெடா நொடிக்குச் சுமார் 300 கிலோமீட்டர் வேகத்தில் நம்மை நோக்கி வருவதைக் கண்டார். வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் 1970இல் இதன் வாயுமேகங்கள் சுழலும் வேகத்தை வெளியிட்டனர். மையத்தை விட்டு விலகியும் வேகம் எதிர்பார்த்தபடி குறையாதது, கண்ணுக்குப் புலப்படாத கரும்பொருளுக்கு வலுவான சான்றாயிற்று.

ஆண்ட்ரோமெடா பெரிதும் சாய்ந்து தெரிவதால் சுருள் கரங்களைப் பிரித்தறிவது கடினம். எனினும் ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி இதில் 10 கோடிக்கும் மேற்பட்ட விண்மீன்களைத் தனித்தனியே பதிவு செய்துள்ளது. பால்வெளியும் இதுவும் சில நூறு கோடி ஆண்டுகளில் மோதுவது உறுதி என நெடுங்காலம் கருதப்பட்டது. 2025இல் வெளியான கணக்கீடுகளின்படி, அடுத்த 1,000 கோடி ஆண்டுகளில் அது நிகழும் வாய்ப்பு ஏறத்தாழ பாதியே.