இசாயெவின் இயந்திரமும் மகேந்திரகிரியும்

மொஸ்கோவுக்கு அருகே இயங்கிய கிம்மாஷ் வடிவமைப்பகத்தை உருவாக்கியவர் அலெக்சி இசாயெவ் (1908–1971). விமானப் பொறியியலாளரான அவர் பங்கெடுத்து வடிவமைத்த பி.ஐ.-1 ரொக்கெட் விமானம் 1942 மே 15 அன்று பறந்தது. அதன் இயந்திரத்தோடு பட்ட பாடு அவரை இயந்திர வடிவமைப்பின் பக்கமே திருப்பிவிட்டது. 1961இல் யூரி ககாரினின் கலத்தை வேகம் தணித்துப் பூமிக்கு இறக்கியது இந்த வடிவமைப்பகத்தின் இயந்திரம்தான்.

1960களில் சோவியத்தின் என்-1 சந்திர ரொக்கெட்டுக்காக ஏறத்தாழ ஏழரைத் தொன் உந்துவிசை தரும் புதிய இயந்திரம் ஒன்று இங்கே உருவானது. திரவ ஐதரசனும் திரவ ஒட்சிசனும் அதன் உந்துபொருட்கள். ஐதரசன் திரவமாக இருக்க வேண்டுமானால் −253 பாகை செல்சியஸில் வைத்திருக்க வேண்டும். அந்தக் குளிரில் உலோகம் சுருங்கும், பம்பி இறுகும். என்-1 நான்கு முறை ஏவப்பட்டு நான்கு முறையும் வீழ்ந்தது. திட்டம் கைவிடப்பட, இயந்திரம் பறக்காமலே கிடந்தது.

அதற்கு வாழ்வு தந்தது இந்தியா. இயந்திரத்தையும் தொழில்நுட்பத்தையும் பெற 1991 ஜனவரியில் இந்திய விண்வெளி நிறுவனமான இஸ்ரோ, சோவியத்தின் கிளாவ்கொஸ்மொஸ் நிறுவனத்துடன் உடன்பாடு செய்தது. ஏவுகணைப் பரவலைக் காரணம் காட்டி 1992இல் அமெரிக்கா இரு தரப்பின் மீதும் தடை விதித்தது. இந்தக் காரணம் வலுவற்றது. நிரப்பி நெடுநாள் வைத்திருக்க முடியாத எரிபொருளைக் கொண்டு யாரும் போர் ஏவுகணை செய்வதில்லை. ஆயினும் 1993இல் ரஷ்யா தொழில்நுட்பத்தைத் தர மறுத்து, முடிந்த இயந்திரத் தொகுதிகளை மட்டும் தந்தது. அவற்றில் ஒன்றோடு இந்தியாவின் முதல் ஜி.எஸ்.எல்.வி. ரொக்கெட் 2001 ஏப்ரல் 18 அன்று கிளம்பியது.

தொழில்நுட்பம் கிடைக்காததால், இசாயெவின் வழியில் இந்தியா தானே இயந்திரம் செய்ய முனைந்தது. அந்த உள்நாட்டு இயந்திரம் சோதிக்கப்பட்ட இடம் மகேந்திரகிரி. மன்னாரிலிருந்து வளைகுடாவைக் கடந்து தென்மேற்கே போனால், திருநெல்வேலி மாவட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் இருக்கிறது. நாகர்கோவிலில் பிறந்த நம்பி நாராயணன் இந்த இயந்திரத் திட்டத்தின் தலைமையில் இருந்தபோதே, 1994இல் பொய்யான உளவு வழக்கில் கைதானார். 2018இல்தான் உச்ச நீதிமன்றம் அவருக்கு இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. 2007 நவம்பரில் மகேந்திரகிரியில் இயந்திரத் தொகுதி 720 விநாடி தடையின்றி எரிந்தது. 2010 ஏப்ரலில் பறந்தபோதோ எரிபொருள் ஊட்டும் பம்பி நின்றுபோய் ரொக்கெட் கடலில் வீழ்ந்தது. 2014 ஜனவரி 5 அன்று அதே வடிவிலான இயந்திரம் ஜிசாட்-14 செய்மதியைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது.

அடுத்த இயந்திரமான சி.இ.-20 இசாயெவின் வழியைப் பின்பற்றவில்லை. எளிமையான வேறொரு சுழற்சி முறையில், இருபது தொன் உந்துவிசையோடு, இந்தியப் பொறியியலாளர்களே அதை வடிவமைத்தார்கள். 2023 ஜூலை 14 அன்று சந்திரயான்-3ஐச் சுமந்து சென்ற ரொக்கெட்டின் மேலடுக்கில் எரிந்தது அதுவே.